மானியம் கைக்கு வராது

கேள்வி: டிப்ளமோ படித்த என் மகன் ஊரிலேயே வெல்டிங் பட்டறை வைக்க நினைக்கிறான். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 35 சதவீதம் இலவசமாம். ‘கவனித்தால்’ வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். நம்பலாமா?
– ஒரு வாசகி, அறந்தாங்கி

பதில்: 35 சதவீதம் உண்மைதான். கிராமப்புறத்தில் தொடங்கும் பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்டோருக்கு அது உண்டு. சொந்தப் பங்கு 5 சதவீதம். பொதுப்பிரிவுக்கு 25, பங்கு 10. அந்த ‘ஒருவர்’தான் தேவையில்லை. இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. சந்தேகமிருந்தால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள்.

ஆனால் மானியம் உங்கள் கைக்கு வராது. வங்கியிலேயே மூன்று ஆண்டு முடங்கிக் கிடக்கும். அந்தத் தொகைக்கு வட்டி வராது. அதே அளவு கடனுக்கு வட்டி போடவும் மாட்டார்கள். பட்டறை ஓடுகிறதா என்று பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். மீதியை வட்டியோடு மகன்தான் கட்ட வேண்டும்.

உண்மையான வாசற்படி வங்கி மேலாளர். கடையில் விலைக்கு வாங்கிய திட்ட அறிக்கையை அவர் நிறையப் பார்த்திருப்பார். கேட், கிரில் வேலை யார் தருவார்கள், கம்பி என்ன விலை என்பதை மகனே எழுதட்டும். 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது. ஒன்று முக்கியம்: ஏற்கெனவே நடக்கும் பட்டறைக்கு இந்த மானியம் கிடைக்காது. அவசரப்பட்டு இப்போதே திறந்துவிட வேண்டாம்.