ஒரு களஞ்சியம், இரண்டு மேசை: கிட் வொர்க்ட்ரீ

இந்தக் கிழமை பொட்காஸ்ட்டில் நேரம் போதாமல் விட்ட விசயம் இது.

போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்க டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீட்டில் இருந்து, ஒரு தமிழ் வகுப்பின் வெப்சைட்டுக்கு பிரெஞ்சுப் பக்கங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். 14 ஃபைல் பாதியில் நிற்குது. அப்ப ஃபோன்: "தம்பி, சோதினை நேரம் பிழையாக் கிடக்கு. கெதியா மாத்தும்!"

கிட் ஸ்டாஷ் அடிச்சு, மெயின் பிராஞ்சுக்குப் போய் நேரத்தை மாத்தினேன். பிறகு, எந்த பிராஞ்சில் நிற்கிறேன் எண்டு பார்க்காமல் அங்கேயே ஸ்டாஷ் பொப். எல்லாத்தையும் சேர்த்து கொமிட், புஷ். சைட்டில் பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. சோதினை நேரம் மட்டும் சரி.

ஸ்டாஷில் பிழை இல்லை. ஒரே ஃபோல்டரில் இரண்டு வேலை பார்த்ததுதான் பிழை. சிலர் ரெப்போவை இன்னொருக்கா குளோன் பண்ணுவினம். அப்ப ஒன்றில் போட்ட கொமிட் மற்றதுக்குத் தெரியாது. புஷ் பண்ணி, ஃபெட்ச் பண்ண வேணும்.

2015இல் கிட் 2.5ஓடு வந்த வொர்க்ட்ரீ இதுக்குத்தான். கொமாண்ட் இப்படி (டைப் பண்ணேக்க ஆங்கில எழுத்து):

கிட் வொர்க்ட்ரீ ஆட் ../அவசரம் மெயின்

பக்கத்தில் 'அவசரம்' எண்ட ஃபோல்டர் வரும், அதில் மெயின் பிராஞ்ச் இருக்கும். பிரெஞ்சு வேலை அசையாமல் பழைய ஃபோல்டரிலேயே கிடக்கும். புது ஃபோல்டருக்குள் 'டொட் கிட்' எண்டு பார்த்தால், அது ஃபோல்டரே இல்லை. ஒரு வரி உள்ள சின்ன ஃபைல். "களஞ்சியம் அங்க இருக்கு" எண்டு பழைய இடத்தைக் காட்டும். கொமிட்டுகள், பிராஞ்சுகள் எல்லாம் அந்த ஒரே களஞ்சியத்தில். அதனால் இங்க போட்ட கொமிட் அங்க உடனே தெரியும்.

ஒரே பிராஞ்சை இரண்டு ஃபோல்டரில் திறக்கக் கேட்டால் கிட் மாட்டேன் எண்டும். நியாயம்தான்: ஒரு பக்கம் கொமிட் போட பிராஞ்ச் முன்னுக்குப் போயிடும், மற்றப் பக்கத்து ஃபைல்கள் பழசாவே நிற்கும்.

என்னைக் கனநேரம் அலைக்கழிச்சது வேற. கிட் இக்னோர் பண்ணுற ஃபைல்கள் புது ஃபோல்டருக்கு வராது. 'டொட் என்வி'யை நீங்களே கொப்பி பண்ண வேணும், என்பிஎம் இன்ஸ்டோலும் திரும்ப அடிக்க வேணும். இன்னொன்று, ஸ்டாஷ் எல்லா ஃபோல்டருக்கும் பொது. அதால என்ர பழைய பிழையை இங்கேயும் விடலாம்!

வேலை முடிஞ்சால் ஃபோல்டரைக் கையால் அழிக்காமல் 'கிட் வொர்க்ட்ரீ ரிமூவ் ../அவசரம்' அடியுங்கோ. கொமிட் பண்ணாத மாற்றம் இருந்தால் அது மறுத்திடும். ஏற்கெனவே கையால் அழிச்சிட்டீங்கள் எண்டால், 'கிட் வொர்க்ட்ரீ ப்ரூன்' மிச்சப் பதிவைத் துடைக்கும்.