மீன்பிடிப் படகைப் பேணும் முறை



மலாக்கா நீரிணையின் கரையோரமாக உள்ள கோலா கெடா, பங்கோர் தீவு, தஞ்சோங் காராங் போன்ற இடங்களுக்குச் சென்றவர்கள், அங்கே மீன்பிடிப் படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருப்பதைக் கண்டிருப்பர். படகு கடலிற் செல்லும் அழகைப் பலரும் காண்கின்றனர். அது கரைக்கு மீண்ட பின்னர் அதற்குச் செய்யப்படும் பணிகளை ஊன்றி நோக்குவோர் சிலரே. அப்பணிகளையே இக்கட்டுரையில் நாம் ஆராய்வோம். நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டால், இறங்கித் தள்ளுவதற்கு அங்கே சாலை இல்லை. ஆதலால் இது மீனவரின் உயிரோடு தொடர்புடைய செய்தியாகும்.

படகின் முதற்பகை உப்பு. பெருங்கடல் நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. நீர் ஆவியாகிப் போனாலும் உப்பு போவதில்லை. அது ஆணி, திருகு, சங்கிலி ஆகியவற்றின்மீது படிந்து, காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. நம் நாட்டுக் காற்றிலோ ஈரத்திற்குக் குறைவில்லை! எனவே, படகு கரையில் நிற்கும்போதும் இரும்பு துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். கரை சேர்ந்தவுடன் நன்னீரால் கழுவுவதன் காரணம் இதுவே. மீன் செதிலும் இரத்தமும் காய்ந்து இறுகுமுன் தளத்தைத் தேய்த்துவிடுதல் வேண்டும். சிறு படகுகளின் பின்புறத்து அடியில் ஓர் அடைப்பான் உண்டு. அதனைக் கழற்றி, உள்ளே தேங்கிய நீரை வடியவிடுவர். அடுத்த முறை புறப்படும்போது அதனை மாட்ட மறந்தால் என்னவாகும் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

அடுத்தது இயந்திரம். படகின் பின்புறத்தில் மாட்டப்படும் இயந்திரம், தான் மிதக்கும் நீரையே உறிஞ்சித் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அந்நீர் செல்லும் வழிகளில் உப்பு படிந்து அடைத்துக்கொண்டால், இயந்திரம் சூடேறிப் பழுதாகும். ஆகவே ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் குழாயைப் பொருத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் நன்னீர் ஓடவிடுவர். கரையில் நிறுத்தி இயந்திரத்தை இயக்குவதாயின், முதலில் நீரைத் திறந்து, பின்னரே இயக்க வேண்டும். நீரை இறைக்கும் சிறு சக்கரம் ரப்பரால் ஆனது. நீரின்றிச் சுழன்றால் விரைவில் கருகிச் சிதைந்துவிடும். ஓடும் இயந்திரத்தின் பக்கத்திலிருந்து மெல்லிய தாரையாக நீர் பீறிட்டுக்கொண்டிருக்கும். அனுபவமுள்ள மீனவர் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்ப்பது அத்தாரையைத்தான்.

சுழல்விசிறியைக் கழற்றி அதன் தண்டையும் பார்க்க வேண்டும். அறுந்துபோன நைலான் தூண்டில் இழை அங்கே சுற்றிக்கொண்டு, நீர் புகாமல் தடுக்கும் வளையத்தை அறுத்துவிடும். அடிப்பகுதியிலுள்ள பற்சக்கர எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், நீர் உள்ளே புகுந்துவிட்டது என்று அறியலாம்.

இயந்திரத்தின் அடியில் ஒரு துத்தநாகக் கட்டி பொருத்தப்பட்டிருக்கும். வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டவாறு உப்பு நீரில் இருந்தால், அவற்றிடையே சிறு மின்னோட்டம் உண்டாகி, ஒன்று அரிக்கப்படும். துத்தநாகம் எளிதில் அரிபடுவதால், தான் தேய்ந்து மற்ற உலோகத்தைக் காக்கிறது. இதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. பிரித்தானியக் கடற்படையின் மரக்கப்பல்களுக்கு அடியில் செப்புத் தகடு வேய்ந்திருந்தனர். அத்தகடு அரிபடுவதைத் தடுக்க, 1824ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் அறிவியலறிஞர் இரும்பையோ துத்தநாகத்தையோ அதனோடு இணைக்கச் சொன்னார். செம்பு அரிபடுவது நின்றது. ஆனால், கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் மிகுதியாகப் படர்ந்தன! கரையும் செம்புதான் அவ்வுயிர்களை விலக்கி வைத்திருந்தது என்பது அதன் பின்னரே தெளிவாயிற்று. துத்தநாகக் கட்டி பாதியளவு தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். அழகுக்காக அதன்மீது சாயம் பூசினால் அது பயன்படாது. கென்யிர் போன்ற நன்னீர் ஏரிகளில் ஓடும் படகுகளுக்கு மக்னீசியக் கட்டியே ஏற்றது.

கொட்டலசு என்பது ஓடுடைய சிற்றுயிர். மலாய்மொழியில் இதனைத் தெரித்திப் என்பர். இஃது ஒருமுறை ஒட்டிக்கொண்டால் தானாக விடுவதில்லை. அடிப்பகுதி சொரசொரப்பாகிவிட்டால் படகின் வேகம் குறையும். எரிபொருட் செலவு கூடும். மேற்குக் கரையில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி வற்றுகிறது. ஏற்றத்தின்போது படகைக் கரையருகே கொணர்ந்து நிறுத்தி, வற்றியபின் அடியைச் சுரண்டிச் சாயம் பூசி, அடுத்த ஏற்றத்தில் மிதக்கவிடும் பழக்கம் மீனவரிடையே உண்டு. பூசுவதற்குச் செம்புச் சேர்மம் கலந்த சாயம் பயன்படுகிறது. முன்பு வெள்ளீயச் சேர்மம் கலந்த சாயமும் இருந்தது. சங்கு, சிப்பி இனங்களுக்கு அது பெருங்கேடு விளைத்தமையால், அதனைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2001இல் உருவாகி 2008இல் நடைமுறைக்கு வந்தது.

மரப்படகாயின் பலகை இணைப்புகளையும் பார்த்தல் வேண்டும். திரங்கானுவின் டுயோங் தீவில் செங்கால் மரத்தால் படகு கட்டுவோர், பலகைகளுக்கிடையே கெலாம் மரப்பட்டையை வைத்து இறுக்குவர். நீர் பட்டதும் பட்டை உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும்.

இழுவை வண்டியில் ஏறி வீடு திரும்பும் படகைக் கொட்டலசு அண்டுவதில்லை. ஆனால் வண்டிக்கு வேறு தொல்லை உண்டு. நெடுந்தூரம் ஓடிய வண்டியின் சக்கரக் குடங்கள் சூடேறியிருக்கும். அச்சூட்டோடு நீரில் இறக்கினால், குடத்தினுள் இருக்கும் காற்று திடீரெனக் குளிர்ந்து சுருங்கி, உப்புநீரை உள்ளே இழுக்கும். பேரிங் துருப்பிடித்து, பின்னொரு நாள் சாலையில் சக்கரம் இறுகி நின்றுவிடும். சில வேளைகளில் கழன்றும் ஓடும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டியின் கதியை எண்ணிப் பாருங்கள்! எனவே படகுத்துறையை அடைந்ததும் அரைமணி நேரமாவது ஆறவிடுதல் நலம். விளக்குகளின் மின்னிணைப்பையும் அப்போதே கழற்றிவிடலாம். திரும்பியதும் வில்தகடுகளையும் சக்கரங்களையும் நன்னீரால் கழுவி, குடத்தில் புதிய கிரீஸ் இட வேண்டும். வீடு திரும்பும் வழியில் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, குடங்களைக் கையால் தொட்டுப் பார்ப்பர். ஒன்று மட்டும் மற்றதைவிட மிகுந்த சூடாக இருந்தால், அதன் பேரிங்கை அன்றே பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.