"சூப்பர் மச்சி"க்கு அப்புறம் என்ன சொல்றது?

விமர்சனம்னு சொன்னாலே நமக்கு வெள்ளிக்கிழமை சினிமா விமர்சனம்தான் ஞாபகம் வரும். இந்தக் கட்டுரை போட்டோ விமர்சனம் பற்றியது. நம்மள மாதிரி அமெச்சூர் ஆட்கள் ஒரு குரூப்பில் படம் போட்டதும் மற்றவங்க என்ன எழுதினா அந்தப் படம் எடுத்தவருக்கு உதவும்? அவ்வளவுதான் விஷயம். டிஎஸ்எல்ஆர் எல்லாம் வேண்டாம், போன் கேமரா போதும்.

முதல்ல ஒரு பழைய கதை. நிஜமா நடந்தது. இன்ஸ்டாகிராமுக்கு ரொம்ப முன்னாடி, 2004-ல் ஃப்ளிக்கர் என்ற படம் பகிரும் தளம் வந்தது. அதில் "டிலீட் மீ" என்ற பெயரில் ஒரு குழு. உங்க படத்தை உள்ளே போடணும். மற்ற உறுப்பினர்கள் "வெச்சுக்கலாம்", "தூக்கிடலாம்" என்று ஓட்டுப் போட்டு, கூடவே காரணமும் எழுதுவாங்க. தூக்கச் சொல்லி நிறைய ஓட்டு விழுந்தால் படம் வெளியே போயிடும்.

2006-ல் அங்கே ஒருத்தர் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டார். மேலே இருந்து பார்க்கிற கோணம். வளைந்து இறங்கும் படிக்கட்டு, அதோட இரும்புக் கைப்பிடி, கீழே ஒரு தெரு. அந்தத் தெருவில் ஒரு சைக்கிள்காரர் விருட்டுன்னு போறார். ஆள் பிளர் ஆகியிருக்கார். குழுவில் இருந்தவங்க பிரிச்சு மேய்ஞ்சுட்டாங்க. படம் சின்னதா இருக்கு, கலங்கலா இருக்கு, வேகத்தைக் காட்டணும்னா ஏதாவது ஒண்ணாவது ஷார்ப்பா இருக்க வேண்டாமா என்றெல்லாம் எழுதினாங்க. தூக்கிடலாம்னு முடிவாச்சு.

அது ஹென்றி கார்ட்டியே பிரெஸோன் 1932-ல் பிரான்ஸின் இயேர் என்ற ஊரில் எடுத்த படம். போட்டோகிராபி படிக்கிறவங்க எல்லாரும் ஒரு தடவையாவது தாண்டி வர்ற படம். நியூயார்க்கில் இருக்கிற நவீன கலை அருங்காட்சியகத்தில் அதன் பிரதி இருக்கு.

இந்தக் கதையைச் சொல்றவங்க பெரும்பாலும் அந்தக் குழுவைக் கிண்டல் பண்ணத்தான் சொல்றாங்க. எனக்கு அது நியாயமாப் படல. பெயர் தெரிஞ்சிருந்தா அதே ஆட்கள் "மாஸ்டர்பீஸ்"னு எழுதியிருப்பாங்க. அதுவும் விமர்சனம் கிடையாது. ஒரு பெரிய ஆளோட படத்தைப் பிடிக்கலைன்னு சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. அவங்க எழுதினதில் இருந்த குறை வேற. பிளரா, நாய்ஸா, சின்னதா என்று ஒரு செக்லிஸ்ட் வெச்சு டிக் அடிச்சாங்க. லேப் ரெக்கார்டு நோட்டைத் திருத்துற மாதிரி. அந்தப் படத்தில் படிக்கட்டோட கைப்பிடி வளைந்து வளைந்து நம்ம கண்ணைக் கீழே இழுத்துட்டுப் போய்த் தெருவில் விடுது. அங்கே சைக்கிள் அப்பத்தான் தாண்டிப் போகுது. தன் கண்ணு எந்த வழியா போச்சுன்னு கவனிச்சிருந்தா, பிளர் ஏன் அங்கே இருக்குங்கிற கேள்வியாவது வந்திருக்கும். பிடிக்குதா இல்லையா என்பது அதுக்கு அடுத்த விஷயம்.

நம்ம குரூப்களில் பிரச்சினை நேர் எதிர். யாரும் எதையும் தூக்கச் சொல்றதில்ல. எல்லாத்துக்கும் தீ எமோஜி.

சரி, ஒரு படத்தை எடுத்துப் பார்ப்போம். எங்க குரூப்பில் இரண்டாம் வருஷ மெக்கானிக்கல் தம்பி ஒருத்தன் போட்டது. இன்பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில், ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறையில் எடுத்தான். ஊர் பெயரும் பட்டறை பெயரும் சொல்லப் போறதில்ல, ஏன்னு கொஞ்ச நேரத்தில் புரியும். படத்தில் ஒரு அண்ணன் ஆங்கிள் கிரைண்டரால் இரும்புச் சட்டத்தைத் தேய்ச்சுட்டு இருக்கார். தீப்பொறி பறக்குது. மேலே ஒரு ட்யூப்லைட். அண்ணனோட முகம் பாதி இருட்டு.

வந்த பதில்கள் எதிர்பார்த்த மாதிரிதான். "சூப்பர் மச்சி", "வேற லெவல் ப்ரோ", வரிசையா தீ எமோஜி (தீப்பொறிப் படம் என்பதால் இந்தத் தடவை பொருத்தமாவே இருந்தது). ஒருத்தன் மட்டும் சீரியஸா "ரூல் ஆஃப் தேர்ட்ஸ் ஃபாலோ பண்ணல"ன்னு எழுதினான். பிரேமை மூணு மூணா பிரிச்சு, கோடுகள் வெட்டிக்கிற இடத்தில் முக்கியமான பொருளை வைக்கணும்கிற விதி. கேட்க உருப்படியா இருக்கு. ஆனா முக்கியமான பொருள் எதுன்னு யாருக்குத் தெரியும்?

எங்க பேட்ச் இசிஇ பொண்ணு ஒருத்தி அதைத்தான் கேட்டா. அவள் எழுதினது ஏறக்குறைய இப்படி: "என் கண்ணு முதல்ல ட்யூப்லைட்டுக்குப் போச்சு. அப்புறம் தீப்பொறி. மூணாவதாத்தான் அங்க ஒரு ஆள் இருக்கார்னே தெரிஞ்சுது. நீ எதை எடுக்க நினைச்ச தம்பி?"

அவன் பதில்: "அண்ணன் முகத்தைத்தான் அக்கா. கிரைண்டர் பிடிக்கும்போது நாக்கைக் கடிச்சுக்குவார். சின்னப் பசங்க எழுதும்போது பண்ணுவாங்கல்ல, அந்த மாதிரி. அதை எடுக்கணும்னுதான் போனேன்."

அதுவரைக்கும் நாங்க எல்லாரும் தீப்பொறிப் படம் ஒன்றைப் பார்த்துட்டு இருந்தோம். அவன் எடுக்கப் போனது நாக்கு கடிச்ச முகம். இரண்டும் வேற வேற படம். கண்ணு போன வரிசையை அவள் சொன்னதாலும், கேள்வி கேட்டதாலும்தான் அது வெளியே வந்தது. "நல்லாருக்கு", "நல்லால்ல" என்று எத்தனை பேர் எழுதியிருந்தாலும் வந்திருக்காது.

அடுத்து அவள் ஒரிஜினல் ஃபைலை டாக்குமெண்டா அனுப்பச் சொன்னா. இது முக்கியம். வாட்ஸ்அப்பில் சாதாரணமா அனுப்பினா படத்தைச் சுருக்கிடும். நாம நாய்ஸ்னு நினைக்கிறது பல சமயம் அந்தச் சுருக்கத்தால் வந்த கட்டம் கட்டமான கறை. 2023-ல் எச்டி ஆப்ஷன் வந்த பிறகு கொஞ்சம் பரவாயில்ல. டாக்குமெண்டா அனுப்பினா ஃபைல் அப்படியே வரும், கூடவே ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ மாதிரியான எக்ஸிஃப் விவரமும் வரும். படத்தில் ஒரு குறை தெரிஞ்சா அதோட காரணத்தை அங்கேதான் தேடணும்.

தம்பியோட ஃபைலில் ஷட்டர் 1/1000. ப்ரோ மோடில் அவனே வெச்சது. "வேகமா நகர்ற பொருள்னா ஷட்டர் வேகத்தை ஏத்து"ன்னு எல்லா யூட்யூப் வீடியோவிலும் சொல்றதைக் கேட்டு வெச்சிருக்கான். இந்த இடத்தில் அந்த அறிவுரை சரியான்னு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், நாம இன்ஜினியரிங் தானே படிக்கிறோம்.

நாலு இஞ்ச் கிரைண்டர் சுமார் 11,000 ஆர்பிஎம்மில் சுத்தும். வட்டின் விட்டம் 100 மி.மீ., அப்போ சுற்றளவு 0.314 மீட்டர். வினாடிக்கு 183 சுற்று. விளிம்பு வேகம் வினாடிக்கு சுமார் 57 மீட்டர், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல. தீப்பொறியும் கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் கிளம்பும், காற்று உடனே அதைத் தடுத்துக் குறைச்சிடும். குறையறதை விட்டுட்டுப் பார்த்தா, 1/1000 வினாடியில் ஒரு பொறி 5.7 செ.மீ. போகும். அதனால்தான் அவன் படத்தில் பொறி எல்லாம் துண்டு துண்டாத் தெரிஞ்சுது. 1/50 வெச்சா ஒரு மீட்டருக்கு மேல போகும், படத்தில் நீளக் கோடா விழும்.

இனிமேதான் எனக்குப் பிடிச்ச பகுதி. 1/1000-லிருந்து 1/50-க்கு வந்தா ஷட்டர் 20 மடங்கு நேரம் திறந்திருக்கும். அண்ணன் முகம் அசையாம இருக்கறதால அதுக்கு 20 மடங்கு வெளிச்சம் கிடைக்கும். ஆனா தீப்பொறிக்கு அந்த 20 மடங்கு கிடைக்காது! பொறி சென்சாரில் ஒரு பிக்சலைத் தாண்டிப் போக எடுக்கிற நேரம் ரொம்பக் கொஞ்சம். தாண்டின பிறகு ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தா அந்த பிக்சலுக்கு என்ன? அதனால கோடு நீளமாகும், கோடுகளோட எண்ணிக்கை கூடும், ஆனா ஒவ்வொரு கோட்டின் பிரகாசம் பெரிசா மாறாது. வாணவேடிக்கை எடுக்கும்போதும் இதே கதைதான். ஆக ஐஎஸ்ஓவைத் தொடாம ஷட்டரை மட்டும் மாத்தினா, தீப்பொறியை விட்டுட்டு முகத்தை மட்டும் மேலே தூக்கலாம். தம்பிக்கு வேண்டியது அதுதான்.

1/50-க்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சோக் வெச்ச பழைய ட்யூப்லைட் வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். 1/1000-ல் எடுத்தா அந்த ஏற்ற இறக்கத்தில் எந்த இடம் மாட்டுதோ அதுதான் வெளிச்சம், சில சமயம் படத்தில் பட்டை பட்டையா கோடு வரும். 1/50-ல் சரியா இரண்டு துடிப்பு முழுசா வந்துடும். ஒரே ஒரு சிக்கல், முகத்துக்குக் கிடைக்கிற அதே 20 மடங்கு ட்யூப்லைட்டுக்கும் கிடைச்சு அது வெள்ளையா வெந்துடும். அதனால இரண்டு அடி தள்ளி நின்னு, ட்யூப்லைட்டைப் பிரேமுக்கு வெளியே விடணும். பக்கவாட்டில் நிக்கணும், பொறி பறக்கிற திசையில் நிக்கக் கூடாது. சூடான இரும்புத் துகள் லென்ஸ் கண்ணாடியில் ஒட்டினா போகாது. கண்ணில் பட்டா அதைவிட மோசம்.

அடுத்த வாரம் அவன் மறுபடி போய் எடுத்தான். போனை ஒரு ஸ்டாண்டில் சாய்ச்சு வெச்சு, 1/50. நாற்பது ஐம்பது படத்தில் ஒண்ணு சரியா விழுந்தது. கீழே இருந்து கிளம்புற பொன் நிறக் கோடுகள், அதுக்கு மேலே முகம், கடிச்ச நாக்கு. உண்மையிலேயே நல்ல படம். குரூப்பில் இந்தத் தடவை வந்த தீ எமோஜிகளை நான் குறை சொல்ல மாட்டேன்.

முகம் தெளிவானதும் இன்னொண்ணும் தெளிவாச்சு. அண்ணன் சேஃப்டி கண்ணாடி போடல. கையில் கிளவுஸ் இல்ல. முதல் படத்தில் முகம் இருட்டா இருந்ததால யாருக்கும் தெரியல. அதே இசிஇ பொண்ணுதான் அவனுக்குத் தனியா மெசேஜ் பண்ணினா. இதை இன்ஸ்டாவில் போடப் போறியா, அந்தப் பட்டறை எந்தக் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் பண்ணுதோ அவங்க பார்த்தா யாரு மேல பழி விழும், அவர்கிட்ட கேட்டியா என்று.

விமர்சனம் பண்ணிப் பண்ணி நாங்க படத்தை நல்லா ஆக்கினோம். படம் நல்லா ஆக ஆக அந்த அண்ணனுக்கு ஆபத்து கூடிட்டே வந்திருக்கு. முன்பின் தெரியாதவங்களை எடுக்கிற படங்களில் இது அடிக்கடி நடக்கும்னு நினைக்கிறேன். லைட்டிங் பற்றி நாப்பது கமெண்ட் வரும், படத்துக்குள்ள இருக்கிற ஆளைப் பற்றி ஒண்ணும் வராது.

தம்பி போய்க் கேட்டான். அண்ணன் போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்திருக்கார். "எங்கயும் போடாத தம்பி. எனக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் குடு, வீட்ல காட்டணும்" என்றாராம். பிரிண்ட் போட்டுக் கொடுத்தான். கூடவே ஒரு கண்ணாடியும் வாங்கிட்டுப் போனான், அவர் சிரிச்சுட்டு வாங்கி வெச்சுக்கிட்டாராம். இந்த இதழில் அந்தப் படம் இல்லாததுக்குக் காரணம் இதுதான். குரூப்பில் இருந்ததையும் அழிச்சாச்சு.

அப்போ இந்த மாதிரி படங்களை எங்கே காட்டுறது? இதுக்கு இணையத்துக்கு முன்னாடியே ஒரு வழி இருந்திருக்கு. பிரிட்டனில் அமெச்சூர் போட்டோகிராபர்கள் தபால் வட்டம் நடத்துவாங்க. ஒரு பெட்டியில் ஆளுக்கு ஒரு பிரிண்ட். பெட்டி தபாலில் ஒருத்தர் வீட்டிலிருந்து அடுத்தவர் வீட்டுக்குப் போகும். ஒவ்வொருத்தரும் எல்லாப் படத்தையும் பார்த்து, கூட இருக்கிற தாளில் கருத்து எழுதணும். சுத்தி முடிஞ்சு பெட்டி திரும்ப உங்ககிட்ட வரும்போது, உங்க பழைய படத்தையும் அதுக்கு வந்த குறிப்புகளையும் எடுத்துக்கிட்டு, புதுப் படம் ஒண்ணை வெச்சு அனுப்பிடணும். எமோஜி போட வழியே இல்ல. படம் கொஞ்ச நாள் உங்க மேஜையில் கிடக்கும், சாப்பிடும்போதெல்லாம் கண்ணில் படும், அப்புறம் கையால எழுதணும்.

இந்த செமஸ்டர் நாங்க அதை ஹாஸ்டலுக்குள்ள பண்ணிப் பார்க்கிறோம். ஒரு ஷூ டப்பா, எட்டு பேர், 4×6 பிரிண்ட். டப்பா ஒரு ரூமில் இரண்டு நாள் இருக்கலாம். தாளில் முதல் வரி கண்ணு எங்கே போச்சு என்பதுதான், இரண்டாவது வரி கேள்வியா இருக்கணும், அதுக்கு மேல என்ன வேணா எழுதலாம். ஆள் இருக்கிற படம்னா, அவர்கிட்ட கேட்டாச்சான்னு பின்பக்கம் எழுதியிருக்கணும். இப்போ டப்பா சி பிளாக் இரண்டாவது மாடியில் இருக்கு. நாளைக்கு எங்க ரூமுக்கு வரணும், இன்னும் வரல.