நோன்பும் இனிப்பு நீரும்: முன்கூட்டிக் கற்க வேண்டிய பாடம்



இனிப்பு நீர் இல்லாத வீடு நம்மவரிடையே அருமை. மலேசியாவில் 2023ஆம் ஆண்டு எடுத்த சுகாதாரக் கணக்கின்படி, வயது வந்தோரில் 100க்கு 15.6 பேருக்கு இவ்வியாதி உண்டு. அவர்களில் ஐந்தில் இருவருக்குத் தமக்கு வியாதி இருப்பதே தெரியாது. சிங்கப்பூர் அரசாங்கம் 2016இல் இதன்மீது போரே அறிவித்தது. ஆயினும் ரமலான் வந்ததும் நாம் டாக்டரையும் கேட்பதில்லை, ஆலிம்சாவையும் கேட்பதில்லை. மனம் போனபடி நோன்பு பிடிக்கிறோம்.

சென்ற ரமலானில் எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். கணக்குப் பார்க்கும் பெரியவர், காலையில் போடும் மாத்திரையை அப்படியே ஸஹரில் போட்டுக்கொண்டு நோன்பு வைத்தார். அஸருக்குப் பின் அவருக்குக் கை நடுங்கிற்று, சட்டை வியர்வையில் நனைந்தது. சரக்குக் கொண்டுவந்தவரிடம் காரணமின்றிக் கோபித்தார்.

"நோன்புக் களைப்பு காக்கா, கொஞ்சம் சாய்ந்து கொள்ளுங்கள்" என்றேன்.

"இன்னும் ரெண்டு மணி நேரந்தானே தம்பி, தாங்கிக்கிடலாம்" என்றார்.

சற்று நேரத்தில் பேச்சுக் குழறிக் கல்லாவின்மேல் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை 2.4. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தார். நோன்பு வைக்கப் போவதை அவர் டாக்டரிடம் சொல்லவில்லை. சர்க்கரை குறைந்தால் ஆள் எப்படியிருப்பார் என்று நானும் அறிந்திருக்கவில்லை. குற்றம் எங்கள் இருவர் அறியாமையுடையது.

இவ்வறியாமை பரவலானது. 2001இல் மலேசியா உட்பட 13 நாடுகளில், 12,000 பேருக்கு மேற்பட்ட முஸ்லிம் நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை இனிப்பு நீருள்ளோரில் 100க்கு 79 பேர் குறைந்தது 15 நாளாவது நோன்பு வைத்தார்கள். ஆனால் ஆபத்தான சர்க்கரைக் குறைவு, மற்ற மாதங்களைவிட ரமலானில் அவர்களுக்கு 7 மடங்குக்கு மேல் ஏற்பட்டது.

கற்பித்தால் பயனுண்டா? உண்டு. 2010இல் வெளியான லண்டன் ஆராய்ச்சி ஒன்றில் 111 நோயாளிகள் இருந்தார்கள். ரமலானுக்கு முன் பயிற்சி வகுப்புக்கு வராதவர்களிடையே சர்க்கரைக் குறைவு 9 தடவையிலிருந்து 36ஆக ஏறிற்று. வந்தவர்களிடையே 9லிருந்து 5ஆக இறங்கிற்று. நோன்பு ஒன்றே, வியாதியும் ஒன்றே. வேற்றுமை கல்வியால் வந்தது.

இனிப் பாடத்துக்கு வருவோம்.

1. நோயாளி கற்க வேண்டியது

ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்னரே டாக்டரிடம் செல்க. மாத்திரையின் அளவையும் நேரத்தையும் அவரே மாற்றித் தரவேண்டும். நாமாகக் கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. ஸஹருக்கு முன், நடுப்பகலில், அஸர் வேளையில், நோன்பு துறந்து 2 மணி நேரத்துக்குப் பின் பார்த்து எழுதி வைக்க. 3.9க்குக் கீழே இறங்கினாலும் 16.6க்கு மேலே ஏறினாலும் நோன்பை உடனே விட்டுவிட வேண்டும். குறைந்துவிட்டால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷத்தில் மறுபடி பார்க்க. ஆள் நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழைக்க.

ஸஹரைப் பிந்தி உண்பதும், நோன்பைத் தாமதமின்றித் துறப்பதும் சுன்னத். உடலுக்கும் அதுவே நலம். ஆனால் துறந்ததும் ரோஸ் சர்பத்தும், வடையும், பலகாரமும் என்று ஏற்றினால் சர்க்கரை விஷம்போல் ஏறும்.

2. தாதி கற்க வேண்டியது

இன்சுலின் முதன்முதலாக 1922 ஜனவரியில், டொராண்டோ நகரில், 14 வயதுப் பையன் ஒருவனுக்கு ஏற்றப்பட்டது. மருந்து கிடைத்தபின் அதை வீட்டில் அளந்து போடக் கற்பிப்பார் வேண்டுமே! பாஸ்டன் டாக்டர் எலியட் ஜாஸ்லின் அதற்கெனத் தாதிகளைப் பழக்கி நோயாளிகளின் வீட்டுக்கே அனுப்பினார். அவ்வழியே வந்தவர்கள்தாம் இன்று இனிப்பு நீர் பற்றிக் கற்பிக்கும் தாதிமார்கள். ஆனால் நம் நோன்புக் கஞ்சியில் என்ன உண்டு, தராவீஹ் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் நாம் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். தராவீஹும் உடற்பயிற்சியாகவே கணக்கிடப்படும்.

3. வாலிபப் பிள்ளைகள் கற்க வேண்டியது

சிறு வயதிலேயே வரும் முதல் வகைக்கு இன்சுலின் இன்றி உயிர் வாழ்தல் இயலாது. பருவ வயதில் உடலின் மாறுதலால் சர்க்கரை ஏறி இறங்கும். தோழர்கள் கேலி செய்வார்களோ என்று பிள்ளை ஊசியை மறைப்பான், பசியை மறைப்பான். இவர்கள் மிகுந்த ஆபத்துள்ளோர். "எல்லாப் பிள்ளையும் நோன்பு வைக்கிறதே" என்று தாய் தந்தையர் வற்புறுத்தலாகாது. உடன் படிக்கும் நண்பன் ஒருவனுக்காவது அடையாளங்களைச் சொல்லி வைக்க வேண்டும்.

மார்க்கம் என்ன சொல்கிறது? அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளி வேறு நாட்களில் நோற்கவும், இயலாதவர் ஏழைக்கு உணவளித்து ஈடுசெய்யவும் வழி காட்டுகின்றன. அல்லாஹ் அளித்த சலுகையை ஏற்பது பலவீனமன்று, அதுவும் கீழ்ப்படிதலே. யாருக்கு எது பொருந்தும் என்பதை டாக்டரிடமும் ஆலிம்சாவிடமும் சேர்த்தே கேட்க.

வியாபாரிகளாகிய நாம் பெருநாள் சரக்குக்கு இரண்டு மாதம் முன்பே ஆர்டர் கொடுக்கிறோம். உயிருக்கு மட்டும் கடைசி நாள் வரை காத்திருப்பானேன்? ரஜப் மாதக் கடைசியில், ஒரு நாள் இஷாவுக்குப் பின், ஒரு டாக்டரையும், தமிழ் தெரிந்த தாதி ஒருவரையும், ஓர் ஆலிமையும் நம் சங்கத்துக்கு அழைத்து வகுப்பு நடத்துவோமாக. முதலாளிமார் தம் சிப்பந்திகளையும் கூட்டி வருக. கல்லாவில் சாய்பவரைத் தாங்கப் போவது அவர்கள் கைதானே. பெண்களும் வருக, ஸஹர் உணவு அவர்கள் கையிலன்றோ இருக்கிறது!

அல்லாஹ் நம் நோன்பையும் நம் உடலையும் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.