புதைக்கப்பட்ட தாலந்து



“ஐயா, எனக்கு ஒன்றும் வராது.” வகுப்பறையில் நான் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. சில வேளைகளில் பெற்றோரே, “இவனுக்குப் படிப்பு ஏறாது, சார்” என்று பிள்ளையின் எதிரிலேயே கூறிவிடுகின்றனர். இக்கூற்று உண்மைதானா என்பதை ஆராய்வோம்.

விவிலியத்தில், மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், இயேசுபிரான் கூறிய உவமை ஒன்று உள்ளது. வெளியூர் செல்லும் தலைவன் ஒருவன் தன் ஊழியர் மூவரிடம், அவரவர் திறமைக்கேற்ப ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளை ஒப்படைத்தான். முதல் இருவரும் வாணிகம் செய்து அவற்றை இரட்டிப்பாக்கினர். மூன்றாமவனோ அஞ்சி, தன் தாலந்தை மண்ணில் புதைத்து வைத்தான். திரும்பி வந்த தலைவன், ஐந்து பெற்றவனையும் இரண்டு பெற்றவனையும் ஒரே விதமாகப் பாராட்டினான். புதைத்தவனோ உள்ளதையும் இழந்தான்.

தாலந்து என்பது அக்காலத்துப் பண அளவு. ஒரு தாலந்து, ஒரு கூலியாளின் ஏறத்தாழ 6000 நாள் ஊதியத்திற்குச் சமம். எனவே, ஒன்றே பெற்றவனும் சிறிது பெற்றவன் அல்லன். ஏறக்குறைய இருபது ஆண்டு உழைப்பின் ஊதியத்தைப் பெற்றவன். அவன் திருடவில்லை, வீணாகச் செலவழிக்கவுமில்லை. பயன்படுத்தாமல் விட்டதே அவன் குற்றம். இறைவன் எவரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை என்பதே இதன் கருத்து.

இதற்குச் சான்றாக ஒரு தமிழரின் வாழ்வைக் காண்போம். தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் 1859ஆம் ஆண்டு பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்று ஆசிரியரானார். சுருளி மலையில் கருணானந்தர் என்னும் முனிவரிடம் சித்த மருத்துவ நுட்பங்களைக் கற்றார். பின்னர்த் தஞ்சையில் குடியேறி மருத்துவத்தில் புகழ் பெற்றார். நன்றி மறவாத அவர், தாம் அமைத்த பண்ணைக்குக் கருணானந்தபுரம் என்று குருவின் பெயரையே சூட்டினார். மக்கள் அதனைப் ‘பண்டிதர் தோட்டம்’ என்று அழைத்தனர்.

மருத்துவத்தில் ஈட்டிய பொருளை அவர் பெட்டியில் பூட்டி வைத்தாரில்லை. 1912ஆம் ஆண்டு முதல் தம் செலவிலேயே தஞ்சையில் இசை மாநாடுகள் நடத்தினார். தமிழிசையை ஆராய்ந்து, ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை 1917ஆம் ஆண்டு வெளியிட்டார். 1919ஆம் ஆண்டு மறைந்தார். கிறிஸ்தவராகிய அவர் தமக்கருளப்பட்ட திறன்களைத் தமிழர் அனைவருக்கும் உரியதாக்கினார். இதுவே உண்மையுள்ள ஊழியம்.

“அவர் பெரியவர், நாம் எங்கே?” என்று எண்ணாதீர்கள். பால்மரம் சீவிய உங்கள் தாத்தா பாட்டியரைக் கேளுங்கள். புதிதாகச் சீவத் தொடங்கும் மரம் முதல் சில நாள்களில் சிறிதளவே பால் தரும். முறையாகச் சீவி வரவே பால் பெருகும். சீவாமல் விட்ட மரத்தின் பாலால் எவருக்கும் பயனில்லை. திறமையும் அத்தகையதே.

தேர்வுத்தாளில் காணும் மதிப்பெண் மட்டும் தாலந்து அன்று. ஒருவனுக்குக் கணக்கு வரும். ஒருத்திக்குக் குரல் இனிக்கும். மற்றொருவன் பழுதான மிதிவண்டியைச் செப்பனிடுவான். வேறொருத்தி அழும் தம்பியைத் தேற்றுவாள். பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் பாடுபவரும், கிள்ளானில் அதிகாலையில் செம்பனைக் குலை அறுப்பவரும் கடவுள் முன் ஒரே கேள்விக்கே விடை கூற வேண்டும்: கொடுத்ததை என்ன செய்தாய்?

பெற்றோர்களே! பிள்ளையின் எதிரில் “இவனுக்கு ஒன்றும் வராது” என்று கூறும்போது, அவன் தாலந்துக்கு நாமே குழி தோண்டுகிறோம். அச்சொல்லை இன்றோடு விட்டுவிடுவோம். எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பாராக.

சிந்திக்க:

1. மூன்றாம் ஊழியன் செய்த தவறு யாது?

2. ஆபிரகாம் பண்டிதர் தம் வருவாயை எவ்வாறு பயன்படுத்தினார்?

3. உன்னிடமுள்ள ஒரு திறமையைக் கூறுக. இவ்வாரம் அதனால் யாருக்கு உதவுவாய்?

— தலைமையாசிரியர்