படம் வந்தது, ஒலி வரவில்லை

சித்தூர் பக்கம் ஒரு சிற்றூர். திருமலையில் பிரம்மோற்சவம். ஐந்தாம் நாள் இரவு கருட சேவை. திருப்பதிக்குப் போக முடியாதவர்கள் எங்கள் படிப்பு மையத்தில் கூடினார்கள். கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்தோம். படம் வந்தது. ஒலி வரவில்லை.

கண் தெரியாத பாட்டி ஒருவர் கேட்டார்: "நீங்க எல்லாரும் பாக்கறீங்க. எனக்குக் காதுதானே கண்ணு?"

வரிசையாகச் சோதித்தோம்.

1. ஒலி அளவு: தொலைக்காட்சியிலும் கணினியிலும் கூட்டிப் பார்த்தோம். பலன் இல்லை.

2. கம்பி: வி.ஜி.ஏ. கம்பி படத்தை மட்டுமே கொண்டுபோகும். ஒலிக்குத் தனிக் கம்பி வேண்டும். எச்.டி.எம்.ஐ. கம்பி இரண்டையும் கொண்டுபோகும். எங்களிடம் இருந்தது எச்.டி.எம்.ஐ. அதை நன்றாக அழுத்திச் செருகினோம்.

3. ஒலி போகும் இடம்: கணினித் திரையின் கீழ் மூலையில் ஒலிபெருக்கிப் படம் இருந்தது. அதில் பட்டியலைத் திறந்தோம். இரண்டு பெயர்கள் இருந்தன. எது தொலைக்காட்சி? மையத்தில் படிக்கும் அக்கா எழுந்து போனார். தொலைக்காட்சியின் மேல் இருந்த பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். "இதுதான்" என்றார். அதைத் தேர்ந்தெடுத்தோம்.

"கோவிந்தா! கோவிந்தா!" என்ற முழக்கம் கேட்டது. பாட்டி கைகூப்பினார்.

கேள்விகள்:
படத்தை மட்டும் கொண்டுபோகும் கம்பி எது?
அக்கா எதைப் படித்தார்?