துப்பறியும் தொலைக்காட்சித் தொடரும் வீட்டுத் திரையும்
(வியோம்கேஷ் பக்ஷி – ஓர் ஆய்வு)

முன்னுரை

கலைகளுள் துப்பறியும் கதையைக் கடைசி வரிசையில் அமர்த்துவது அறிஞர் வழக்கம். அது பொழுதுபோக்கு, புகைவண்டிப் பயணத்துக்கு உரியது, படித்ததும் எறிந்துவிடத் தக்கது என்பர். இக்கூற்று முழு உண்மையன்று. நல்ல துப்பறியும் கதை படிப்போனுக்கு ஓர் ஒழுக்கத்தைக் கற்பிக்கிறது. கண்டதைக் கண்டபடி கொள்ளுதல், சான்றின்றி எவரையும் குற்றவாளி எனாமை, விரும்பிய முடிவுக்காக உண்மையை வளைக்காமை ஆகியன அவ்வொழுக்கத்தின் கூறுகள். இந்தியத் தொலைக்காட்சியில் இவ்வகைக்குச் சிறந்த சான்றாக விளங்கும் ‘வியோம்கேஷ் பக்ஷி’ தொடரையும், அத்தகைய தொடர்களை வீட்டில் பாதுகாத்துத் திரும்பப் பார்க்கும் வசதி நமக்குத் தந்துள்ள நன்மையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உண்மை தேடுவோன்

வியோம்கேஷைப் படைத்தவர் வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்தியாய் (1899–1970). 1932 முதல் இக்கதைகளை எழுதத் தொடங்கிய அவர், சில ஆண்டுகளில் பத்துக் கதைகளை எழுதி நிறுத்தினார். 1938-இல் பம்பாய் சென்று திரைக்கதைத் துறையில் ஈடுபட்டார். நெடிய இடைவெளிக்குப் பின் 1950-களில் மீண்டும் வியோம்கேஷிடம் திரும்பினார். முற்றுப்பெற்ற கதைகள் 32. ஒன்று முடிவுறாமல் நின்றது.

வியோம்கேஷ், ‘துப்பறிவாளர்’ என்ற பெயரை விரும்பாதவர். தம்மைச் ‘சத்தியான்வேஷி’, அதாவது உண்மையைத் தேடுவோன், என்றே அழைத்துக்கொள்கிறார். இஃது வெறும் பெயர் மாற்றமன்று. துப்பறிவாளனின் வேலை குற்றவாளியைப் பிடித்ததும் முடிகிறது. உண்மை தேடுவோனின் வேலை அங்கு முடிவதில்லை. குற்றம் ஏன் நிகழ்ந்தது, அதற்கு இடம் கொடுத்த வாழ்வு எத்தகையது என்று அவன் மேலும் வினவுகிறான். ஷெர்லாக் ஹோம்ஸ் மணமாகாத தனியர். வியோம்கேஷோ ஒரு வழக்கை ஆராயச் சென்ற வீட்டில் சத்தியவதியைக் கண்டு மணந்து இல்லறம் நடத்துகிறார். வேட்டி, சட்டை, தோள் சால்வை என நடுத்தரக் குடும்பத்தாரின் கோலமே அவர் கோலம்.

1967-இல் சத்யஜித் ராய் ‘சிடியாகானா’ என்னும் கதையைத் திரைப்படமாக்கினார். உத்தம் குமார் வியோம்கேஷாக நடித்தார். ஆயினும் வங்கம் கடந்த இந்தியா அவரை அறிந்தது 1993-இல்தான். பாசு சட்டர்ஜி இயக்கத்தில், ரஜித் கபூர் வியோம்கேஷாகவும், கே. கே. ரைனா நண்பர் அஜித்தாகவும் நடித்த இந்தித் தொடரைத் தூர்தர்ஷன் ஒளிபரப்பியது. 1997-இல் இரண்டாம் பகுதி வந்தது.

காலமே சான்று

இத்தொடர் ‘பழங்காலத் துப்பறியும் தொடர்’ என்னும் வகையைச் சார்ந்தது. பழைய உடையும் பழைய வண்டியும் காட்டினால் மட்டும் ஒரு கதை இவ்வகையில் அடங்கிவிடாது. அக்காலமே குற்றத்திற்குக் கருவியாகவும் தடயமாகவும் அமைதல் வேண்டும். ‘வழியில் ஒரு முள்’ என்று தமிழில் கூறத்தக்க கதையை எடுத்துக்கொள்வோம். கல்கத்தாத் தெருவில் நடந்து செல்வோர் திடீரெனச் சாய்ந்து இறக்கின்றனர். இதயத்தில் தைத்திருப்பது கிராமபோன் ஊசி. அதை எய்த கருவி ஒரு மிதிவண்டி மணி! தெருவில் மணியடித்துச் செல்வோனை யார் ஐயுறுவர்? கிராமபோனும் மிதிவண்டியும் அன்றாடப் பொருளாய் இருந்த ஒரு காலத்தில்தான் இக்குற்றம் நிகழ முடியும். கொலையாளி யார் என்பதை இங்குக் கூறாமல் விடுகிறேன்; மாணவ நண்பர்கள் தாமே கண்டு கொள்க.

வேறொரு கதையில் காணாமற்போன வைரத்தைத் தேடும் பணிக்கு நடராசர் சிற்பம் ஒன்று திறவுகோலாகிறது. இன்னொரு கதைக்கு 1946-ஆம் ஆண்டுக் கல்கத்தாக் கலவரமும், தொடர்ந்து வந்த விடுதலையும் பின்னணியாகின்றன. வரலாற்று நூல் கூறும் செய்தியை வாடகை விடுதி அறையிலும் தேநீர்க் கோப்பையிலும் நாம் இங்குக் காண்கிறோம்.

மணி மண்டபமும் டெக்கும்

எனது ஊர் திருவில்லிபுத்தூரை அடுத்த மடவார் வளாகம். இங்குள்ள வைத்தியநாதசுவாமி கோயிலில் உச்சிக்கால வழிபாடு முடிந்த செய்தியை, வழிநெடுக மண்டபங்கள் அமைத்து முரசொலியால் மதுரைக்கு எட்டச் செய்தார் திருமலை நாயக்கர் என்பது வழிவழி வழங்கும் செய்தி. ஓரிடத்து ஒலியை மற்றோரிடம் வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்புவதே அஞ்சல் ஒலிபரப்பின் தத்துவம். பிற்காலத்தில் கொடைக்கானல் மலையுச்சிக் கோபுரம் எங்கள் பகுதிக்குத் தொலைக்காட்சியைக் கொணர்ந்ததும் இதே தத்துவத்தால்தான்.

ஆனால் முரசொலியாயினும் ஒளிபரப்பாயினும் ஒரு குறை உண்டு. கேட்கத் தவறினால் போயிற்று. இக்குறையை நீக்கியது வீட்டு ஒளிநாடா. 1975-இல் பீட்டாமாக்ஸ், 1976-இல் வி.எச்.எஸ். என ஜப்பானில் பிறந்த இக்கருவி 1980-களில் நம் ஊர்களுக்கு வந்து ‘டெக்’ எனப் பெயர் பெற்றது. திருமண வீடுகளிலும் திருவிழா நாள்களிலும் டெக்கை வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே உள்ளது. பின்னர் வட்டுகள் வந்தன. அதன்பின் இணையம் வந்தது.

இவ்வசதியால் துப்பறியும் தொடருக்கு ஏற்பட்ட மாற்றம் பெரிது. ஒளிபரப்பில் பார்வையாளன் வெறும் கேட்போன். வீட்டுத் திரையிலோ அவன் படிப்போன். ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டுவது போல் காட்சியைத் திருப்பலாம். ‘தடயத்தை நமக்கு உண்மையாகவே காட்டினாரா, அன்றி மறைத்துவிட்டாரா?’ என்று ஆசிரியரையே குறுக்கு விசாரணை செய்யலாம்.

மேற்கூறிய கிராமபோன் ஊசிக் கதையை என் வீட்டில் பார்த்தோம். என் தாயாருக்கு இந்தி தெரியாது. உரையாடலை நான் அவ்வப்போது தமிழில் கூறி வந்தேன். தாக்குதலுக்கு ஆளானோரில் ஒருவர் சட்டைப்பையில் இருந்த கடிகாரத்தால் உயிர் தப்புகிறார். இறுதியில் மிதிவண்டி மணியின் மறைபொருள் வெளிப்பட்டதும் தாயார், “அந்தக் கடிகாரக்காரர் முன்னமே மணிச் சத்தத்தைச் சொன்னாராடா? திருப்பிப் போடு, பார்ப்போம்” என்றார். திருப்பிப் பார்த்தோம். “சொல்லித்தான் இருக்கார். ஏமாத்தலை” என்று மன நிறைவோடு எழுந்து அடுப்படிக்குச் சென்றார். திறனாய்வாளர் ‘நேர்மையான ஆட்டம்’ எனப் பல பக்கங்களில் விளக்கும் கொள்கை இவ்விரு சொற்றொடர்களில் அடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

அழிந்தவையும் எஞ்சியவையும்

காக்கப்படாத கலை அழியும் என்பதற்கு மேனாட்டிலேயே சான்று உண்டு. 1968-இல் பி.பி.சி. நிறுவனம் பீட்டர் குஷிங் நடித்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை 16 பகுதிகளாக ஒளிபரப்பியது. அக்காலத்தில் ஒளிநாடா விலையுயர்ந்த பொருள். ஒன்றை அழித்து அதன்மேல் மற்றொன்றைப் பதிவது வழக்கம். அத்தொடரில் வட்டுகளாக மக்களை அடைய எஞ்சியவை 6 பகுதிகளே. இதற்கு மாறாக, 1984 முதல் 1994 வரை ஜெரமி பிரெட் நடித்த 41 பகுதிகளும், 1989 முதல் 2013 வரை டேவிட் சூஷே நடித்த ‘பொய்ரோ’வின் 70 பகுதிகளும் முழுமையாக வீடுகளில் காணக் கிடைக்கின்றன. முன்னதை விடப் பின்னவை உயர்ந்தவையா என்று ஒப்பிடவே இயலாது. ஒப்பிடுவதற்குரிய பொருளில் பெரும்பகுதி இல்லை. இழப்பின் கொடுமை இதுதான்.

நம் நாட்டில் 2020 மார்ச் இறுதியில், கொரோனா ஊரடங்கின்போது, தூர்தர்ஷன் வியோம்கேஷ் தொடரை மறு ஒளிபரப்புச் செய்தது. தொடர் தோன்றியபோது பிறந்தேயிராத இளைஞர் பலர் அதனை முதன்முறையாகக் கண்டனர். பதிவு காக்கப்பட்டிருந்ததால் அன்றோ இது இயன்றது?

தமிழ்நிலை

தமிழிலும் இத்துறை வறியதன்று. 1908-இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ வெளிவந்தது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் பல நூல்களை எழுதினர். 1942 முதல் தேவன் ஆனந்த விகடனில் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’, அசட்டுத்தனத்தாலேயே வெற்றி பெறும் துப்பறிவாளனைப் படைத்து இவ்வகையையே நகைச்சுவைக்கு உட்படுத்தியது. தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. பின்னர்த் தமிழ்வாணனின் சங்கர்லாலும், சுஜாதாவின் கணேஷ்–வசந்தும் வந்தனர்.

இவற்றுள் ரங்கராஜு, வடுவூரார் கதைகள் இன்று பழங்காலத் தொடராக்குவதற்கு ஏற்றவை. ஜட்கா வண்டியும் தந்தியும் சமீன் வழக்குகளும் நிறைந்த அன்றைய சென்னையும் தஞ்சையும் கல்கத்தாவுக்குக் குறைந்தவை அல்ல. எடுத்தால் மட்டும் போதாது. எடுத்ததைக் காக்கவும் வேண்டும். ஈரக்காற்றில் ஒளிநாடா பூஞ்சை பிடிக்கும். இயக்கும் கருவியும் அரிதாகி வருகிறது. வீட்டுப் பரணில் பழைய நாடா வைத்திருப்போர் அதனை உடனே கணிப்பொறிக்கு மாற்றிக்கொள்ளுதல் நன்று. அதில் இருப்பது தொடராயினும் சரி, தாத்தாவின் குரலாயினும் சரி.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வியோம்கேஷ் கதைகள் குற்றவாளியைப் பிடிப்பதினும் உண்மையைக் காண்பதையே உயர்ந்ததாகக் கொள்கின்றன என்பதும், பழங்காலச் சூழல் அவற்றில் அணியாக அன்றி உறுப்பாகவே அமைந்துள்ளது என்பதும், வீட்டுத் திரை பார்வையாளனைச் சான்று ஆராய்வோனாக உயர்த்துகிறது என்பதும் பெறப்படுகின்றன. கேட்ட செய்தியை ஆராயாமல் அடுத்தவர்க்கு அனுப்பும் பழக்கம் பெருகிவரும் இந்நாளில், ‘திருப்பிப் போடு, பார்ப்போம்’ என்னும் மனப்பாங்கு மாணவர்க்கு இன்றியமையாதது. அதனைப் பழக்கும் கலை எதுவாயினும் அது கல்விக்குத் துணையே ஆகும்.